முதல்ல ஒரு வரிசை பின்னிப் பாருங்க!

சேலத்து ஏப்ரல் வெயிலில் ஒரு ஆள் உட்கார்ந்து உல்லன் மஃப்ளர் பின்னினால் என்ன நினைப்பீங்க? 'ஏற்காட்டுக்குக் குடி போறானோ?' என்று நினைக்கலாம். 'ஆளுக்கு ஏதோ ஆயிருச்சு' என்றும் நினைக்கலாம். என் வீட்டில் ரெண்டாவதைத்தான் நினைச்சாங்க.

ஐம்பது வயசுக்கு மேலே பின்னல் கத்துக்கக் கிளம்பினேன். குரு, எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ரிட்டயர்டு தையல் டீச்சர். "இருபது கண் ஏத்துங்க தம்பி" என்று ரெண்டு ஊசியைக் கையில் கொடுத்தார். ஏத்தினேன். ஒரு வரிசை முடிச்சு எண்ணினால் இருபத்து மூணு! அடுத்த வரிசையில் பதினெட்டு! எது எங்கே முளைச்சது, எது எங்கே நழுவிச்சு, எனக்கே தெரியலை. டீச்சர் கோபப்படவே இல்லை. ஊசியை உருவிட்டு நூலைப் பிடிச்சு ஒரு இழு. என் ஒரு மணி நேர உழைப்பு சுருட்டை நூலாகி மடியில் விழுந்தது. "மறுபடி ஏத்துங்க."

இத்தனைக்கும் மொத்தப் பாடமே ரெண்டுதான். நூலைப் பின்னால் வெச்சு எடுத்தால் நிட். முன்னால் வெச்சு எடுத்தால் பர்ல். உலகத்தில் இருக்கிற ஸ்வெட்டரில் பெரும்பாலானவை இந்த ரெண்டின் விளையாட்டு. நீங்க போட்டிருக்கிற பனியனை ஒரு லென்ஸ் வெச்சுப் பாருங்க. அதுவும் இதே கண்தான். 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் இந்த வேலையைச் செய்ய ஒரு மெஷினைக் கண்டுபிடிச்சார். நம்ம திருப்பூர் மெஷின்களுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா அது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நான் பின்னுவதைப் பார்த்தவர்கள் ரெண்டே கேள்விதான் கேட்டாங்க. ஒண்ணு: "இது பொம்பளைங்க வேலையாச்சே?"

யார் சொன்னது? பெரு நாட்டில் டக்கிலே என்று ஒரு தீவு. அங்கே குல்லா பின்னுவது ஆண்கள். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் டைவிங்கில் தங்கம் வாங்கிய டாம் டேலி, கேலரியில் உட்கார்ந்து பின்னியதை உலகமே பார்த்தது. அவ்வளவு தூரம் ஏன்? அம்மாபேட்டையிலும் குகையிலும் ஆண்கள் தறிக்குழியில் உட்காரவில்லையா? ஆம்பளை நூலைத் தொட்டால் 'தொழில்'. பொம்பளை ஒயர் கூடை போட்டால் 'பொழுதுபோக்கு'. தறிக்குத் தார் சுற்றித் தருகிற பெண்ணை 'வீட்டு வேலைக்கு நடுவுல கூடமாட ஒத்தாசை'ங்கறோம். நாட்டில் கைத்தறி வேலை செய்கிறவர்களில் 70 சதவிகிதத்துக்கு மேல் பெண்கள் என்கிறது 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு. ஒத்தாசையாம்!

ரெண்டாவது கேள்வி: "கடையில 200 ரூபாய்க்குக் கிடைக்குமே... எதுக்கு இந்த வெட்டி வேலை?"

இதுக்குத்தான் எனக்குக் கோபம் வருது. அந்த மஃப்ளரை தினம் ஒரு மணி நேரம் வீதம் நாற்பது நாள் பின்னினேன். டீச்சர் கணக்குப் போட்டார். மணிக்கு வெறும் 50 ரூபாய் கூலி என்றாலும் 2,000 ரூபாய். "உங்ககிட்ட யாராவது வித்தா எவ்வளவு தருவீங்க தம்பி?" என்றார். நான் பதில் சொல்லலை. போன வருஷம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு அம்மா ஒயர் கூடைக்கு 350 சொன்னபோது, 200-க்குக் கேட்டு, நகர்வது போல் நடிச்சு, 220-க்கு வாங்கி வந்தவன் நான். வீட்டில் அதைச் சாமர்த்தியம் என்று வேறு சொல்லிக்கிட்டேன்.

நம்ம மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கு. சேலத்தில் கொடிகட்டிப் பறந்த வக்கீல் ராஜாஜி. இந்த ஊர் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அவர் 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். பஞ்சத்தில் அடிபட்ட கிராமங்களுக்கு ராட்டையால் நாலு காசு கிடைக்கணும் என்பது நோக்கம். அதே காலத்தில்தான் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு மாசம் 2,000 கெஜம் நூலைச் சந்தாவாகக் கேட்டார் காந்தி. நூற்க மனசில்லாதவர்கள் வாங்கியும் கொடுக்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. அப்படியும் சீக்கிரமே அந்த விதியைத் தளர்த்த வேண்டியதாயிடுச்சு. படிச்சவங்களுக்குக் கை வலிச்சிருக்கு! என்னைக் கேட்டால், அந்த வலிதான் பாடமே.

'அழியும் கலையைக் காப்பாத்துங்க' என்று கண்ணீர் விடச் சொல்லலை. அதே கணக்கெடுப்பில் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாச வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. அந்த வீட்டுப் பையன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலோ பெங்களூரு கம்பெனியிலோ வேலைக்குப் போனால், எந்த முகத்தோட தடுப்பீங்க? 2015-லிருந்து ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினம். அன்னிக்கு ஸ்டேட்டஸில் தறிப் படம். மறுநாள் கடையில், "பவர்லூம்ல இதே டிசைன் பாதி விலைதானே, கொஞ்சம் கொறைச்சுக்குங்க!" கலையைப் புகழ நாம் ரெடி. மணிக்கணக்குக்குக் காசு கொடுக்கத்தான் கை வர மாட்டேங்குது.

அதனால் ஒரு வேண்டுகோள். ரெண்டு ஊசி, ஒரு பந்து உல்லன் வாங்குங்க. இருபது கண் ஏத்துங்க. இருபது வரிசை பின்னுங்க. தப்பாத்தான் வரும். பிரிச்சுட்டு மறுபடி பின்னுங்க. தோள்பட்டை கடுக்கும், கண் எரியும். அதுக்கப்புறம் கடைவீதிக்குப் போய் ஒரு வெண்பட்டு வேட்டியைக் கையில் எடுங்க. பேரம் பேச வாய் வந்தால், தாராளமாப் பேசுங்க!

என் மஃப்ளர் இன்னும் கோணல்தான். அதைக் கழுத்தில் சுற்றுகிற அளவுக்குக் குளிர் எங்க ஊருக்கு வராது. ஆனாலும், "கொஞ்சம் கொறைச்சுக்குங்க" என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் அது என் கழுத்தைப் பிடிக்குது.