வீட்டுத் தோட்டமும் வேண்டா விருந்தினரும்

ஆங்கில நாட்டார் தம் வீட்டுத் தோட்டங்களைப் பற்றி எழுதிய நூல்களைப் புரட்டிப் பார்த்த நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். அந்நூல்களில் உறைபனியைப் பற்றிய அச்சமே முதலிடம் பெறும். அதற்கு அடுத்த இடம் ஓடில்லா நத்தைக்கு. மூன்றாம் இடம் ரோசா அரும்பை மொய்க்கும் அசுவினிக்கு. 1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பிரித்தானியக் கடற்படையினர் திருகோணமலைத் துறைமுகத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்துச் சென்றனர். அவர்கள் சென்ற பின்னும் அவர்கள் மொழியிலுள்ள தோட்ட நூல்களை நம் மாணவர்கள் விருப்பத்தோடு படிக்கின்றனர். படிப்பதில் தவறில்லை. ஆனால் உப்புவெளியில் வாழ்பவர் உறைபனிக்கு அஞ்சிச் செடியைப் போர்த்த வேண்டியதில்லை அல்லவா? அவர் அஞ்ச வேண்டியது கச்சான் காற்றுக்கு. ஆதலால் இவ்வாரம் நம் துறைமுகப் பகுதியின் வீட்டுத் தோட்டங்களுக்கு வரும் இடர்களைப் பற்றி, நாம் கண்டும் பட்டும் அறிந்தவற்றுட் சிலவற்றைக் கூற எண்ணுகின்றோம்.

நமக்கு ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் மழை ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் மலைநாட்டிலே மழையை இறக்கிவிட்டு, வெறும் வெப்பத்தையும் வறட்சியையும் நமக்குக் கொண்டு வருகின்றது. மாரியிலே நத்தையும் அழுகலும், கோடையிலே பேனும் சிற்றுண்ணியும் என்று பகைவரும் பருவம் பார்த்தே வருகின்றனர்.

பூச்சிகளைப் பற்றிப் பேசுமுன் பூச்சியல்லாத பகைவர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் உப்பு. இலையின் நுனியும் விளிம்பும் நெருப்புப் பட்டாற்போற் கருகுவதைக் கண்டு, “ஏதோ நோய்” என்று மருந்து தேடி அலைவோர் பலர். நோயினால் வரும் புள்ளி இலையின் நடுவிலும் ஓரத்திலுமாகச் சிதறிக் கிடக்கும். உப்பினால் வரும் கருகலோ நுனியிலே தொடங்கி விளிம்பு வழியே வரும். முதிர்ந்த இலையிலேதான் முதலிற் காணும். சாடியின் வாயோரத்திலே வெண்ணிறமாகப் பூத்திருந்தால் ஐயமே வேண்டாம்.

இந்த உப்பு எங்கிருந்து வருகின்றது? ஒரு பங்கு கடற்காற்றோடு வருவது. மறு பங்கு நாமே வருந்தி அழைப்பது. மணற்பாங்கான கரையோர நிலத்தில், எடை குறைந்த நன்னீர், எடை கூடிய உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடிவரை நன்னீரே இருக்கும் என்று கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் ஐரோப்பியர் இருவர் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தனித்தனியே கணக்கிட்டனர். இதனை மறுபக்கமாகத் திருப்பிப் பாருங்கள். கிணற்று மட்டம் ஓரடி தாழ்ந்து அப்படியே நிலைக்குமாயின், கீழேயுள்ள உவர்நீர் நாளடைவில் நாற்பதடி மேலெழும். துலாவினால் இறைத்த காலத்திலே கை களைத்ததும் இறைப்பு நின்றது, கிணறும் ஊறிக்கொண்டது. மின்மோட்டருக்கோ களைப்பென்பதில்லை. ஓகஸ்ட் மாதத்திலே இரண்டு மணி நேரம் தொடர்ந்து இறைத்துத் தென்னைக்கும் மிளகாய்க்கும் பாய்ச்சுபவர், தாம் நீர் பாய்ச்சுவதாக எண்ணி உப்பைப் பாய்ச்சுகின்றார்.

ஆகவே, காலையிற் சிறிது, மாலையிற் சிறிது என்று இறையுங்கள். நீரை இலையிற் படாமல் அடியில் ஊற்றுங்கள். பூவரசங் குழையையோ கிளிசிறியாத் தழையையோ பாத்தியில் மூடாக்காக இட்டால் நீரின் தேவை குறையும். உக்கிய பின் மணலுக்குப் பிடிப்பும் உண்டாகும். பீற்றூட்டும் தென்னையும் உப்பை நன்றாகத் தாங்கும். மிளகாயும் வெண்டியும் ஓரளவே தாங்கும். போஞ்சி சிறிதும் தாங்காது. மாரியின் முதற் பெருமழையின்போது சாடிகளை வெளியே வைத்து, அடித்துவாரம் வழியாக நீர் ஓடும்படி விட்டால், ஓராண்டில் ஏறிய உப்பில் பெரும்பங்கு கழுவிப் போய்விடும்.

இனி மிளகாய். நம் வாசகர் வீடுகளிலே மிகுதியாகக் கண்ணீர் வரவழைக்கும் செடி இதுவே. அரைக்கும்போது மட்டுமன்று, வளர்க்கும்போதும். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடை தளர்ந்ததும், 2022 இல் எரிபொருளும் பால்மாவும் இன்றி நாடே வரிசையில் நின்றதும் எவர்க்கும் மறந்திரா. அந்நாட்களில் கொல்லையில் ஒரு முழ நிலம் வெறுமையாகக் கிடந்தாலும் அது குற்றமாகத் தோன்றியது. நாமும் இருபது மிளகாய்க் கன்றுகளை நட்டோம். பூக்கும் பருவத்திலே இலைகள் சுருண்டன.

அப்போது நாம் செய்த பிழையை மறைக்காமல் கூறுகின்றோம். அறிந்தவர் ஒருவர் சொல்லக் கேட்டு, ஒரு கடையிலே பெயர்ச்சீட்டு இல்லாத போத்தலில் ஊற்றித் தந்த மருந்தை வாங்கி வந்து தெளித்தோம். முதல் வாரம் தளிர் சற்று நிமிர்ந்தது, மகிழ்ந்தோம். இரண்டாம் வாரம் முன்னிலும் மோசமாகச் சுருண்டது. அயல்வீட்டிலே உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி பூதக்கண்ணாடியோடு வந்து இலையைப் புரட்டிப் பார்த்தாள். “மாமா, இது பேனில்லை, சிற்றுண்ணி. அதைத் தின்னிற பூச்சியளை நீங்கள் கொன்று போட்டீங்கள்” என்றாள். அவள் சொன்னதே உண்மை. இருபதிலே ஒன்பது கன்றுகள் தேறின. அவற்றின் காயையும், என்ன மருந்தென்று அறியாத காரணத்தால் வீட்டார் பல நாட்கள் தொடவில்லை. சந்தையிலே கொச்சிக்காய் விற்ற விலையோ கேட்க வேண்டாம்!

அம்மாணவி சொல்லித் தந்த பாடத்தை நேயர்களும் அறிந்துகொள்வது நலம். இலையின் விளிம்பு மேல்நோக்கி மடிந்து தோணி போல இருந்தால் அது பனிப்பூச்சி என்றும் இலைப்பேன் என்றும் கூறப்படுவதன் வேலை. அத்தோணி கவிழ்ந்தாற்போல விளிம்பு கீழ்நோக்கி மடிந்து, இலை ஒடுங்கி, காம்பு நீண்டிருந்தால் சிற்றுண்ணி. இலைகள் சிறுத்து, மஞ்சள் படர்ந்து, கொத்துக் கொத்தாக நெருங்கிச் செடியே குறளாகி நின்றால் அது பெரும்பாலும் வைரசு. முதலிரண்டும் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும். வெள்ளைத் தாளொன்றைத் தளிரின் கீழே பிடித்துத் தட்டினால் பேன்கள் ஊர்வதைக் காணலாம். சிற்றுண்ணிக்குப் பூதக்கண்ணாடி வேண்டும்.

பேனுக்கு வேப்பங்கொட்டைச் சாறு போதும். சிற்றுண்ணிக்கு நீரிற் கரையும் கந்தகத் தூளை, பொதியில் எழுதிய அளவுப்படி, வெயில் தாழ்ந்த பின் தெளிக்கலாம். வைரசுக்கு மருந்தே இல்லை. செடியைப் பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும். பிடுங்க மனமின்றி, “இன்னும் ஒரு கிழமை பார்ப்போம்” என்று வைத்திருப்பவர் வெண்ணிற ஈக்கு விருந்து வைத்து, அதன் மூலம் அயலவருக்கும் நோயைப் பங்கிடுகின்றார். வெண்டியின் மஞ்சள் நரம்பு நோய்க்கும் இதுவே முறை.

போத்தல் மருந்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். பரகுவாட், டைமெதோயேற், பென்தியோன் ஆகிய மூன்றும் 2008 தொடக்கம் 2011 வரையிலான காலத்தில் இந்நாட்டிலே படிப்படியாக விலக்கப்பட்டன. பழைய கொட்டிலின் இறப்பிலே செருகி மறந்த போத்தல்களைத் தேடி எடுத்துப் பயன்படுத்துவோர் இன்னும் இருக்கின்றனர். அவ்வாறு செய்யற்க. கிணற்றோரத்திலும் வாய்க்காலிலும் கொட்டவும் வேண்டாம். குழந்தைகள் கைக்கெட்டாத இடத்திற் பூட்டி வைத்து, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்திலே விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

வேப்பங்கொட்டைச் சாறு செய்யும் வகை எளிது. உலர்ந்த வேப்பங்கொட்டையின் பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, துணியில் முடிந்து, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டுப் பிழிந்து வடிக்க வேண்டும். சவர்க்காரத்தைச் சிறிது சீவிக் கரைத்தால் இலையில் ஒட்டும். சவர்க்காரம் கூடினால் இலை வெந்துவிடும். வேம்பிலுள்ள கைப்புப் பொருளை வெயில் விரைவில் அழிப்பதனால் மாலையிலேயே தெளித்தல் வேண்டும். தெளித்த மறுநாட் காலையிலே புழு உயிரோடிருப்பதைக் கண்டு வேம்பைப் பழிக்காதீர். அது புழுவை உடனே கொல்வதில்லை. தின்னவும் தோலுரிக்கவும் முடியாமற் செய்து மடியவிடுகின்றது.

மருந்தே தெளிக்காமல் வென்ற கதையும் ஒன்றுண்டு. அது பப்பாசியின் கதை. 2008 ஆம் ஆண்டிலே மெக்சிக்கோப் பகுதிக்குரிய மாப்பூச்சியொன்று இலங்கையிலே காணப்பட்டது. பப்பாசியின் தண்டிலும் காயிலும் பஞ்சு அப்பியது போலப் படிந்து, மரத்தையே பட்டுப்போகச் செய்தது. செவ்வரத்தை, மரவள்ளி, கோயில் முற்றத்து அலரி எதனையும் அது விடவில்லை. அதே ஆண்டிலே கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் தோன்றிப் பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் அழித்தது. எத்தனை மருந்து தெளித்தும் பயனில்லை. அதன் மேனியை மூடிய மாவே அதற்குக் கவசமாயிற்று. பின்னர், அதன் தாய்நாட்டிலே அதனை அடக்கி வைத்திருக்கும் சிறு குளவியொன்றைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வருவித்தனர். இலங்கைக்கு 2009 இலும், இந்தியாவுக்கு 2010 இலும். ஒரு மில்லிமீற்றர் நீளமும் இல்லாத அக்குளவி மாப்பூச்சியின் உடலுள்ளே முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதனைத் தின்று வெளிவரும். மாப்பூச்சி அழிந்தொழியவில்லை, ஆயினும் அடங்கிவிட்டது.

ஆகவே உங்கள் பப்பாசியில் வெண்பஞ்சு கண்டால், கடும் மருந்து தெளித்து அக்குளவியைக் கொல்லாதீர். மரத்திலே எறும்பு ஏறுகின்றதா என்று பாருங்கள். மாப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதனைப் பசுவைப் போல மேய்த்துக் காக்கும், குளவியை நெருங்கவிடாது. அடிமரத்திலே துணியைச் சுற்றிக் கிறீசு பூசி எறும்பின் வழியை மறித்து, பஞ்சு படிந்த இலையைக் கழித்து, நீரைப் பீய்ச்சி அடித்தால் மிகுதியைக் குளவி பார்த்துக்கொள்ளும்.

பாகலும் புடோலும் பிஞ்சிலேயே வளைந்து அழுகினால் பழ ஈ முட்டையிட்டது என்று அறிக. பிஞ்சைத் தாள் உறையினால் மூடிக் கட்டுவதே வழி. விழுந்த காயைக் குப்பையில் எறியாமல், பொலித்தீன் பையிலே இறுகக் கட்டி வெயிலிற் போடுங்கள். கத்தரியின் நுனி வாடித் தலை சாய்ந்தால் உள்ளே புழு இருக்கும். வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே நறுக்கி எரித்துவிடுக. தக்காளியும் கத்தரியும் காரணமின்றி நலிந்து, பிடுங்கிப் பார்க்கும்போது வேரிலே முடிச்சு முடிச்சாகக் கண்டால் அது நூற்புழு. நம் மணல் அதற்கு மெத்தை. அவ்விடத்திலே ஒரு போகம் துலுக்கச் செவ்வந்தியை நெருக்கமாக நடுங்கள். அதன் வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுவுக்கு நஞ்சு. பூவும் வீட்டுக்கு ஆகும்.

மாரியிலே வரும் பெரிய நத்தை கிழக்கு ஆபிரிக்காவுக்கு உரியது. 1847 இல் மொரிசியசிலிருந்து கல்கத்தாவுக்கும், 1900 ஆம் ஆண்டையொட்டி அங்கிருந்து இலங்கைக்கும் மனிதர் கையாலேயே வந்து சேர்ந்தது. ஆங்கிலேயர் தம் தோட்டத்து நத்தைக்கு வைக்கும் பொறியே இதற்கும் ஆகும்: ஈரச்சாக்கை மாலையில் விரித்து, அடியிலே பப்பாசித் தோலை இட்டு, விடியுமுன் திரண்டவற்றைப் பொறுக்கி உப்பு நீரில் இடவேண்டும். உப்பைப் பாத்தியிலே தூவாதீர். நத்தையோடு செடியும் போகும். வெறுங்கையால் எடுப்பதும் தகாது. மனிதனின் மூளையைத் தாக்கும் புழுவொன்றை அது சுமந்து திரிவதுண்டு. சிறுவர்களுக்கு இதனைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

முருங்கையின் மயிர்க்கொட்டிகள் பகலிலே அடிமரத்திற் கூட்டமாக ஒட்டியிருக்கும். முன்னோர் சூளைக் கொளுத்தி அவற்றைச் சுட்டனர். கிடுகு வேலியும் கச்சான் காற்றும் உள்ள இடத்தில் இது ஆபத்து. நீண்ட தடியிற் சாக்கைச் சுற்றிச் சவர்க்கார நீரில் தோய்த்து ஒற்றி எடுத்தாலே போதும்.

இறுதியாக, எந்த ஆங்கில நூலும் நமக்கென்று மருந்து எழுதாத ஒரு விருந்தினர்: பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான். கோட்டைக்குள்ளே மரநிழலில் இவை படுத்திருப்பதைக் காணப் பிள்ளைகளை நாமே அழைத்துச் செல்கின்றோம். இரவிலே அவை வீதியிறங்கி வந்து நம் கீரைப் பாத்தியைக் காண்கின்றன. கரையிலே கிடக்கும் பழைய மீன்வலையை வேலியிலே தளர்வாகத் தொங்கவிடுவோர் உளர். கொம்பு சிக்கி மான் வருந்தும்; அது சட்டத்தினாற் காக்கப்பட்ட விலங்குமாகும். வலை கட்டுவதாயின் விறைப்பாக இழுத்து, ஆறடி உயரத்துக்குக் குறையாமற் கட்டுங்கள். கதியால்களை நெருக்கமாக நட்டுக் கிடுகால் அடைத்து, உள்ளே இருப்பது தெரியாமற் செய்தால் இன்னும் நன்று. சமையற் கழிவைப் பொலித்தீன் பையோடு வாசலில் வைக்காதீர். பொலித்தீனை விழுங்கி மான்கள் இறந்திருக்கின்றன. நம் வீட்டிலே இப்போது வேலிக்கு வெளியே ஒரு சாண் அகலத்திற்குப் புல்லை வெட்டாமல் விட்டிருக்கின்றோம். இரவிலே வருபவர் அதனை மேய்ந்துவிட்டுப் போகின்றார். மாதமிருமுறை வேலியையும் சோதித்துப் பார்க்கின்றார்.