பழைய வீட்டு மாடியில் சூரிய மின்சாரம்: புதுச்சேரி முதலமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மாண்புமிகு முதலமைச்சர் அவர்கள், புதுச்சேரி அரசு.

பொருள்: பழைய நகரைச் சூழ்ந்த புல்வார் சாலைகளின் எல்லைக்குள் உள்ள பாரம்பரிய வீடுகளில் சூரிய மின்தகடுகள் நிறுவ எளிய, தெளிவான விதிமுறை வேண்டுதல்.

மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கு,

புதுச்சேரியின் பழைய நகரம் இரண்டு கட்டட மரபுகள் அருகருகே வளர்ந்த இடம். 1674இல் பிரெஞ்சுக்காரர் ஊன்றிய குடியிருப்பை 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர். 1765க்குப் பிறகு பழைய தெருக்கோடுகளின் மேலேயே நகரம் மறுபடி எழுந்தது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உயர்ந்த மதிலும் வளைவு சன்னல்களும் உள்முற்றமும் கொண்ட பிரெஞ்சு வீடுகள். மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட தமிழர் வீடுகள். கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்த கலப்பு வீடுகளும் மேற்குப் பகுதியில் உண்டு. வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளைச் சீரமைத்த பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. தனித்தனி வீடுகளின் அழகைவிட, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் தெருவரிசையின் ஒழுங்குதான் இந்நகரின் பெருஞ்செல்வம் என்பதை அந்த விருது உலகுக்குக் காட்டியது.

இந்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. மின்விசிறி, குளிர்சாதனம், தண்ணீர் மோட்டார் எல்லாமே மின்சாரத்தில் ஓடுகின்றன. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று அத்திட்டத்தில் மானியம் உண்டு. இந்தப் பகுதியின் வெயிலில் 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் அமைப்பு மாதம் ஏறத்தாழ 360 யூனிட் தரும்; நடுத்தரக் குடும்பம் ஒன்றின் தேவையில் பெரும்பகுதிக்கு இது போதும். பழைய வீடு வைத்திருப்பவருக்குப் பராமரிப்புச் செலவே பெருஞ்சுமை. மின்கட்டணத்தில் மிச்சமாகும் பணம் ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் பயன்பட்டால், மின்தகடே வீட்டைக் காக்கும் துணையாகிவிடும்.

தெருவிலிருந்து என்ன தெரிகிறது?

பாரம்பரியப் பகுதிகளில் மின்தகட்டுக்கு எதிராகச் சொல்லப்படும் முதற்காரணம் தோற்றம். இங்கிலாந்து இதற்கு ஒரு நடைமுறை வகுத்திருக்கிறது. அங்கே பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் வீட்டுக்கூரையில் தகடு வைக்கப் பொதுவாகத் தனித் திட்ட அனுமதி தேவையில்லை. சரிவுக்கூரையிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு மேல் தகடு துருத்தக்கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதியில் சாலையை நோக்கிய சுவரில் பொருத்தக்கூடாது. சின்னமாகப் பட்டியலிடப்பட்ட கட்டடமானால் தனி ஒப்புதல் பெறவேண்டும். அப்படிப்பட்ட கட்டடமான கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரித் தேவாலயம் 500 ஆண்டுப் பழமையுடையது. கடும் விவாதத்துக்குப் பிறகு 2023இல் அதன் ஈயக்கூரையின் மேலேயே தகடுகள் நிறுவப்பட்டன.

இங்கிலாந்தைவிடப் புதுச்சேரியில் தகட்டை மறைப்பது எளிது. காரணம் புவியியல். லண்டன் 51 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் அங்கே தகட்டை நன்றாகச் சாய்த்து வைத்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். சாய்ந்த தகடு கண்ணில் படும். புதுச்சேரி 12 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே 12 பாகைச் சாய்வே சிறந்தது. அதை 5 பாகையாகக் குறைத்தாலும் ஆண்டு விளைச்சலில் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 1 சதவீதம்தான். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் இவ்வூருக்கு வடக்கே நிற்பதால், தெற்கு நோக்கியே வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் தளர்கிறது. மழைநீர் வழிந்து தூசியைக் கழுவ 5 முதல் 10 பாகைச் சாய்வு போதும்.

இன்று சந்தையில் கிடைக்கும் 550 வாட் தகடு ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளமும் 1.1 மீட்டர் அகலமும் கொண்டது. அகலவாக்கில் 10 பாகை சாய்த்தால் அதன் ஒரு விளிம்பு மற்றதைவிட 20 சென்டிமீட்டர்தான் உயரும். மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர் இடுப்பளவு உயரம் இருந்தால், தாங்கும் சட்டத்தோடு சேர்த்தும் தகடு அதற்குள் அடங்கிவிடும். கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்புக்குக் கீழே இருக்கும் எதுவும், தெருவில் எங்கே நின்று அண்ணாந்து பார்த்தாலும் கண்ணில் படாது. புதுச்சேரியின் பழைய வீடுகளில் பெரும்பகுதிக்குத் தட்டைக்கூரையும் கைப்பிடிச் சுவரும் இருப்பதால், தோற்றச் சிக்கலுக்கு அவற்றை முன்பு கட்டியவர்களே விடை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தோற்றத்தைக் கெடுப்பது வேறொன்று. மாடியைத் துணி உலர்த்தவும் உட்காரவும் பயன்படுத்துவதற்காக, ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கால்கள் நட்டு அதன்மேல் தகடுகளைப் பரப்பும் வழக்கம் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பரவியிருக்கிறது. புதிய குடியிருப்புப் பகுதிகளில் அதனால் குறையில்லை. பாரம்பரியத் தெருவில் அது வீட்டுக்கு மேல் கொட்டகை போட்டதுபோல் நிற்கும், தெருமுனையிலிருந்தே தெரியும். விதிமுறை தடுக்கவேண்டியது இந்த உயரத்தைத்தான். மாடிகளில் ஏற்கனவே நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகளும், முகப்பில் தொங்கும் குளிர்சாதன வெளிப்பெட்டிகளும் அதே கண்ணோட்டத்தில் பார்க்கப்பட வேண்டியவை. அவற்றை விட்டுவைத்து, கண்ணுக்குத் தெரியாத தகட்டுக்கு மட்டும் தடை சொல்வது நியாயமாகாது.

கூரை தாங்குமா?

தோற்றத்தைவிடக் கவனம் வேண்டிய கேள்வி இது. பழைய வீடுகளின் தட்டைக்கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் முறையில் அமைந்தது. சுவருக்குச் சுவர் உத்திரங்கள். அவற்றின் மேல் நெருக்கமாகத் தேக்குச் சட்டங்கள். அதன்மேல் குத்துவாக்கில் அடுக்கிய மெல்லிய செங்கல். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டித்த தளம். எல்லாவற்றுக்கும் மேலே தட்டையான ஓடு, அதாவது தட்டோடு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்புதான் இதன் உயிர். இந்தக் கூரை தன் எடையாகவே ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் சுமக்கிறது. மின்தகடும் சட்டமும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோதான். மரம் நன்றாக இருக்கும் வரை, பரவலாக விழும் இந்த எடை ஒரு பொருட்டில்லை.

ஆபத்து மூன்று வழிகளில் வரும். முதலாவது காற்று. இந்தியத் தர நிர்ணயத்தின்படி புதுச்சேரிக்கு வகுக்கப்பட்ட அடிப்படைக் காற்றுவேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். தகட்டின் எடையைவிடப் பல மடங்கு விசை அதை மேலே பிய்த்தெடுக்கப் பார்க்கும். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்தது. 2024 நவம்பரில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஆகவே இது ஏட்டுக் கணக்கு மட்டுமில்லை. சாய்வு குறைந்தால் காற்று பிடிக்கும் பரப்பும் குறையும். கைப்பிடிச் சுவருக்குள் தாழ்ந்திருக்கும் தகடு காற்றுக்கும் மறைவாக இருக்கும். கண்ணுக்கு நல்லது எதுவோ, அதுவே புயலுக்கும் நல்லது.

இரண்டாவது நீர்க்கசிவு. பெஞ்சல் புயலின்போது 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தட்டோட்டில் துளையிட்டு முளை அடித்தால், அந்தத் துளைவழி இறங்கும் நீர் முதலில் தேக்குச் சட்டத்தின் சுவர்முனையை அரிக்கும். உள்ளே உளுத்தது வெளியே தெரியச் சில ஆண்டுகள் ஆகும். தெரியும்போது கூரை இறங்கத் தொடங்கியிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் எழுந்த மேரி என்னும் நகரமன்றக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததையும், அதே வடிவில் திரும்பக் கட்டி 2021இல் திறந்ததையும் இந்நகரம் மறக்கவில்லை. துளையைச் சிமெண்டால் அடைப்பதும் தீர்வாகாது. சிமெண்ட் இறுக்கமானது, சுண்ணாம்போடு ஒட்டாமல் விரிசல் விட்டு, ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும்.

மூன்றாவது குவிந்த பாரம். நாலைந்து கால்களின் மேல் நிற்கும் சட்டம், தன் எடையையும் காற்றின் இழுப்பையும் அந்த நாலைந்து புள்ளிகளில் இறக்கும். கூரையின் இரண்டு தேக்குச் சட்டங்களுக்கு நடுவே உள்ள செங்கல் அதற்காகக் கட்டப்பட்டதில்லை. துளையிடாமல் கான்கிரீட் கட்டைகளை ஏற்றி அழுத்தினால் கூரையின் சுமை கூடும். கைப்பிடிச் சுவரில் கட்டினால் அந்த மெல்லிய சுவர் காற்றில் ஆடும். சரியான இடம், கீழே பாரம் தாங்கும் சுவர்கள் ஓடும் கோடு. அக்கோட்டின் மேல் சுண்ணாம்புச் சாந்தில் சிறு செங்கல் மேடைகள் எழுப்பி, மேடைக்கு மேடை அலுமினியச் சட்டம் போட்டால் எடை நேரே சுவருக்கு இறங்கும்; தட்டோட்டில் துளை விழாது. கடலோர உப்புக்காற்றில் சாதாரண இரும்பு விரைவில் துருப்பிடித்துத் தளத்தில் கறை வழியும் என்பதால், அலுமினியமும் துருப்பிடிக்கா எஃகும் இங்கே ஆடம்பரமாகா.

ஓட்டுக்கூரையும் கம்பித்தடமும்

தெருவை நோக்கிச் சரியும் தாழ்வார ஓடு தமிழர் வீதியின் முகம். அதன்மேல் தகடு வைக்க இடம் தரக்கூடாது. முற்றத்தை நோக்கிச் சரியும் உட்புறக் கூரையை, மரச்சட்டங்களைச் சோதித்த பின் பயன்படுத்தலாம். சுட்ட மண் நிறத்தில் வரும் தகடுகள் பார்வைக்கு ஓட்டோடு இணங்கும். ஆனால் விளைச்சல் குறைவு, விலை அதிகம். வேறு வழியில்லாத இடங்களுக்கு மட்டும் அவை ஏற்றவை.

இன்வெர்ட்டரும் மீட்டரும் கம்பிகளும் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகும். தகட்டை மறைத்துவிட்டு, முகப்பின் தூண் ஓரமாக பிளாஸ்டிக் குழாயில் கம்பி இறக்கினால் உழைப்பு வீண். கம்பி முற்றத்துப் பக்கமாகவோ பின்சுவர் வழியாகவோ இறங்க வேண்டும். மரக்கூரை உள்ள வீட்டில் பழைய மின்கம்பிகளைச் சோதிப்பதும், நேர்மின்சாரத்தை மாடியிலேயே துண்டிக்கும் சுவிட்சு வைப்பதும் தீ விபத்தைத் தவிர்க்கும் அடிப்படைகள்.

எந்த வகையிலும் தகடு வைக்க முடியாத வீடுகளும் இருக்கும். கூரை நலிந்தவை, உயர்ந்த கட்டடத்தின் நிழலில் ஒடுங்கியவை, பல பங்காளிகளுக்குச் சொந்தமானவை எனக் காரணங்கள் பல. அந்த வீட்டுக்காரர்களுக்காக வேறோர் இடத்தில் பொதுவாகத் தகடுகள் நிறுவி, கிடைக்கும் யூனிட்டுகளை ஒவ்வொருவர் கட்டணத்திலும் கழிக்கும் முறையை டெல்லி ஏற்கனவே ஏற்றிருக்கிறது. பழைய வீட்டைக் காப்பவர் அதனாலேயே சூரிய மின்சாரத்தை இழக்கக்கூடாது.

அரசு செய்யவேண்டியவை

நகரமைப்பு, மின்துறை, பாரம்பரியப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் தொடும் விஷயம் இது. மூன்றையும் ஒரே மேசைக்கு அழைக்கும் அதிகாரம் முதலமைச்சருக்கு உண்டு. எனவே இக்கோரிக்கைகள் முன்வைக்கப்படுகின்றன:

1. தட்டைக்கூரையில், கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பைத் தாண்டாத, தளத்தைத் துளைக்காத தகடுகளுக்குப் பாரம்பரியக் குழுவின் தனி ஒப்புதல் தேவையில்லை என்று அறிவிக்க வேண்டும்.

2. பாரம்பரிய எல்லைக்குள் உயர்த்திய இரும்புச் சட்டங்களையும், தெரு நோக்கிய ஓட்டுச்சரிவில் தகடு வைப்பதையும் தடைசெய்ய வேண்டும்.

3. சுண்ணாம்புக் கட்டுமானம் அறிந்த பொறியாளரின் கூரைச் சோதனைச் சான்றைக் கட்டாயமாக்கி, அதன் கட்டணத்தை அரசு ஏற்க வேண்டும்.

4. தகடு பொருத்தும் ஒப்பந்ததாரர்களுக்கும் பணியாளர்களுக்கும், பழைய கூரையில் அனுபவமுள்ள கொத்தனார்களைக் கொண்டு பயிற்சி தரவேண்டும்.

5. கூரை இடங்கொடாத வீடுகளுக்கு, அரசுக் கட்டடங்களின் மாடிகளில் பொதுத் தகடுகள் நிறுவி யூனிட் பகிரும் முறையைக் கொண்டுவர வேண்டும்.

6. இவை அனைத்தையும் படங்களோடு தமிழில் ஒரு சிறு கையேடாக அச்சிட்டு, பழைய நகரின் வீடுதோறும் சேர்க்க வேண்டும்.

தடை மட்டும் இருந்தால் வீட்டுக்காரர் சலித்து, பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டவே நினைப்பார். வரைமுறை இல்லாவிட்டால் தெருவரிசை சில ஆண்டுகளில் இரும்புக்காடாகும். இரண்டையும் தவிர்க்கும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதற்குப் பெரிய நிதியும் வேண்டாம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இந்த விதிமுறையை வெளியிட ஆணையிடுமாறு மாண்புமிகு முதலமைச்சர் அவர்களைப் பணிவோடு வேண்டுகிறது இம்மடல்.