மாற்றிய எஞ்சினும் மாற்றாத பத்திரமும்

கார்ஹிங்கில் வசிக்கும் எமது வாசகர் ஒருவர் அண்மையில் எம்மைத் தேடி வந்தார். மியூனிச் நகர உணவகமொன்றின் சமையலறையில் நள்ளிரவு கடந்தும் வேலை செய்பவர் அவர். வேலை முடிந்து வீடு திரும்புவதற்காக நம்மவர் ஒருவரிடம் பழைய வான் ஒன்றை வாங்கியிருந்தார். வான் குறையின்றி ஓடியது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யவேண்டிய பிரதான பரிசோதனைக்கு அதைக் கொண்டு சென்றபோதுதான், உள்ளே இருப்பது பதிவுப் பத்திரம் கூறும் எஞ்சின் அன்று என்பது வெளிப்பட்டது. கொள்ளளவு வேறு, வலு வேறு, புகைத் தரமும் வேறு. பரிசோதகர் இலக்கத் தகட்டில் முத்திரை ஒட்ட மறுத்துவிட்டார். “நான் எதையும் ஒளிக்கவில்லையே” என்றார் எமது வாசகர். உண்மைதான். ஒளித்தவர் விற்றவர், அகப்பட்டவர் வாங்கியவர்.

இது ஒருவருக்கு நேர்ந்த தொல்லை மாத்திரமன்று. பழைய வாகனத்துக்கு வேறு எஞ்சின் பூட்டி ஓட்டுவது எம்மவரிடையே கைவந்த கலையாக இருப்பதால், இதுபற்றி வெளிப்படையாகப் பேசுவது அவசியமென்று கருதுகிறோம்.

எம் மக்கள் இக்கலையை விளையாட்டாகக் கற்கவில்லை. 1990 இல் வடபகுதிமீது பொருளாதாரத் தடை விழுந்தபோது பெற்றோலும் டீசலும் அரும்பொருளாயின. அப்போது யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓஸ்ரின் கேம்பிறிஜ்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பிளக்குகளில் கரி படிந்தது. எஞ்சின் ஒயிலோடு மண்ணெண்ணெய் கலந்தது. கண்ணெரியப் புகை கிளம்பியது. ஆயினும் அந்தக் கார்கள் நோயாளரை வைத்தியசாலைக்கும் கர்ப்பிணிகளைப் பிரசவ விடுதிக்கும் கொண்டு சேர்த்தன. புகையை அளந்து பார்க்க அன்று எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. அந்தக் கெட்டித்தனத்தை நாம் என்றும் மதிப்போம்.

ஆனால் ஊரில் ஒரு வாகனத்தைப் பார்த்து நாம் கேட்ட கேள்வி, ஓடுமா என்பது. இங்கே சட்டம் கேட்கும் கேள்விகள் இரண்டு: எதைக் கக்குகிறது? அதற்குச் சான்று எங்கே?

ஜேர்மனியில் புகைக்கான தனிப் பரிசோதனை 1985 இல் தொடங்கியது. 1993 டிசெம்பரில் அது விரிவாக்கப்பட்டது; 2010 முதல் பிரதான பரிசோதனையின் ஒரு பகுதியாயிற்று. வாகனத்தின் சொந்தக் கணினி பிழையில்லை என்று சொன்னால் போதும் என்றிருந்த வழக்கத்தை மாற்றி, 2018 முதல் புகைக்குழாயிலேயே கருவி வைத்து அளப்பது மீண்டும் எல்லா வாகனங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 2023 யூலை முதல் யூரோ 6 டீசல் வாகனங்களின் புகையில் உள்ள நுண்துகள்களும் எண்ணப்படுகின்றன. ஒரு கனசென்ரிமீற்றரில் 2,50,000 துகள்களுக்கு மேற்பட்டால் முத்திரை கிடையாது.

எஞ்சினை மாற்றுவது தடைசெய்யப்பட்டதென்று எண்ணவேண்டாம். பழுதான எஞ்சினுக்குப் பதிலாக அதே வகை எஞ்சினைப் பூட்டுவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. அதே மாதிரி வாகனத்துக்கு உற்பத்தியாளரே வழங்கிய வேறொரு எஞ்சினைப் பூட்டினால், அங்கீகாரம் பெற்ற பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சான்றளிக்கவேண்டும். பின்னர் பதிவுப் பத்திரமும் திருத்தப்படவேண்டும். முற்றிலும் வேற்று எஞ்சினாயின் தனிப்பட்ட முழுப் பரிசோதனை தேவை. புகைக்கும் ஒலிக்கும் தனித்தனிச் சான்று கேட்பார்கள். அச்செலவு பல வேளைகளில் வானின் விலையையே விழுங்கிவிடும்.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: மாற்றத்தின் பின் வாகனம் முன்னிலும் கூடுதலாக மாசு செய்யக்கூடாது. புகையோ ஒலியோ மோசமானால், வீதிப் போக்குவரத்து அனுமதி விதிகளின் 19 ஆம் பிரிவின்படி வாகனத்தின் இயங்கு அனுமதி தானாகவே அற்றுப்போகும். அதேவேளை, தூய்மையான எஞ்சினைப் பூட்டிச் சான்றும் பெற்றால் புகைத் தரத்தை உயர்த்திப் பதியவும் வழியுண்டு.

“எஞ்சின் புதியதுபோல இருக்கிறதே, பிறகேன் புகையில் தவறுகிறது?” என்று பலர் கேட்கிறார்கள். இன்றைய எஞ்சின் தனித்து இயங்குவதில்லை. அதன் கட்டுப்பாட்டுக் கணினி, புகைக்குழாயில் ஒட்சிசனை அளக்கும் உணரி, புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிசாற்றர், டீசலாயின் துகள் வடிகட்டி என்பன எல்லாம் அதன் குடும்பம். எஞ்சினை மாத்திரம் இறக்கி, மற்றவற்றைப் பழைய வாகனத்தில் விட்டபடியே பூட்டினால், ஒன்று சொல்வது மற்றதற்கு விளங்காது. கலவை கெடும், எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த விளக்கை அணைத்துவிடுவது திருத்தம் ஆகாது.

விளைவுகளையும் அளவோடு அறிந்துகொள்வது நன்று. இயங்கு அனுமதி அற்ற வாகனத்தை ஓட்டினால் 50 யூரோ தண்டம். பாதுகாப்பையோ சுற்றாடலையோ கணிசமாகப் பாதித்திருப்பின் 90 யூரோ. இது ஒழுங்குமீறலே அன்றிக் குற்றவியல் வழக்கு அன்று. தஞ்சக் கோரிக்கையோடு இதனை முடிச்சுப்போட்டு அஞ்சுவோர் இதனை மனங்கொள்ளவேண்டும். ஆனால் வாகன வரியைக் கணிப்பதில் எஞ்சினின் கொள்ளளவுக்கும் பங்குண்டு. எனவே வேறு எஞ்சினைத் தெரிந்துகொண்டே மறைப்பது வரி ஏய்ப்பாகவும் கொள்ளப்படலாம். விபத்து நேர்ந்தாலோ, காப்புறுதி நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதில் ஒரு பகுதியை வாகனக்காரரிடம் திருப்பிக் கேட்கக்கூடும்.

இவ்விதிகளின் சுமை எல்லார் தோளிலும் ஒரே அளவாக விழவில்லை என்பதையும் நாம் சொல்லியாகவேண்டும். மியூனிச் நகர் 2008 இல் தன் சுற்றாடல் வலயத்தை அமைத்தது. 2012 முதல் பச்சை வில்லை உள்ள வாகனங்களுக்கே அங்கு பொதுவாக அனுமதி. 2023 பெப்ரவரியில் யூரோ 4 மற்றும் அதற்கு முந்திய டீசல் வாகனங்களுக்கு, விதிவிலக்குகள் சிலவற்றோடு, தடை வந்தது. 30 ஆண்டு கடந்து, பழைமை மாறாது பேணப்பட்டு, மரபு வாகனமென்று பதியப்பட்ட கார் வில்லையின்றியே வலயத்துள் நுழையலாம். 18 ஆண்டு உழைத்த தொழிலாளியின் வான் நுழைய முடியாது.

பெரிய நிறுவனங்களின் கதையும் தெரிந்ததே. பரிசோதனைக் கூடத்தில் ஒரு முகமும் தெருவில் வேறு முகமும் காட்டும் மென்பொருளை வொல்க்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் கார்களில் வைத்திருந்தமை 2015 செப்ரெம்பரில் அம்பலமாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் அது இருந்தது. இதன் தொடர்ச்சியாக 2023 யூனில் மியூனிச் நீதிமன்றமொன்று அவுடி நிறுவனத்தின் முன்னாள் தலைவருக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் 11 இலட்சம் யூரோ செலுத்தும் கட்டளையும் விதித்தது. அத்தண்டனைக்காக அவர் சிறை செல்லவில்லை. முத்திரை கிடைக்காத வான்காரரோ மறுநாள் வேலைக்குச் செல்ல வழியின்றி நின்றார்.

இருந்தும், பெரியவர் ஏமாற்றினார் என்பது சிறியவர் ஏமாற்றுவதற்கு நியாயம் ஆகாது. புகை பணக்காரரைத் தேடிச் செல்வதில்லை. வாடகை குறைந்த வீடுகள் நெடுஞ்சாலை ஓரங்களிலேயே கிடைக்கின்றன. அங்கு யன்னலைத் திறந்து உறங்குவோர் எம் குழந்தைகளே. இலங்கையிலும் 2008 முதல் புகைப் பரிசோதனை நடைமுறைக்கு வந்து, ஆண்டுதோறும் வருமான உத்தரவுப் பத்திரம் பெறுவதற்கு அது நிபந்தனையாகியுள்ளது. ஆகவே இதனை வெள்ளையரின் சட்டமென்று ஒதுக்குவதற்கும் இடமில்லை.

வாங்குவோருக்கு நாம் கூறுவது: பணத்தை எண்ணுமுன் பத்திரத்தை எண்ணுங்கள். பதிவுப் பத்திரத்திலுள்ள கொள்ளளவு, வலு, எரிபொருள், புகைத் தரம் ஆகியவற்றை எஞ்சினோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி நல்ல கராஜ் ஒன்றைக் கேளுங்கள். எஞ்சின் மாற்ற எண்ணுவோர் ஸ்பானரை எடுக்குமுன் பரிசோதனை நிலையத்தில் பொறியியலாளரைச் சந்தித்து, எந்த எஞ்சின், எந்தப் பாகங்கள், எந்தச் சான்றுகள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பூட்டிய பின் கேட்பவர் இருமுறை செலவழிப்பார்.

விற்போருக்கு: மாற்றிய எஞ்சினை மறைத்து, மொழியறியாத புதியவரின் தலையில் கட்டுவது வியாபாரமன்று. ஊர் பெயரைச் சொல்லி நம்பிக்கை பெற்றவர், அந்த ஊரின் பெயரையே விற்கிறார்.

இளையோருக்கும் ஒரு வார்த்தை. மியூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் துறை 1997 முதல் கார்ஹிங்கில்தான் இயங்குகிறது. மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு அதன் வாசல் தூரமன்று. பல்கலைக்கழகம் கிட்டாதோருக்கு வாகனத் தொழிற்பயிற்சி உண்டு. தந்தையரின் கைத்திறன் பிள்ளைகளிடம் சான்றிதழோடு சேரட்டும். அப்போது எம்மவரின் வானைத் திருத்துபவரும், அதற்கு முத்திரை ஒட்டுபவரும் எம்மவராகவே இருக்கலாம்.