ஆலோசனை சொல்லலாம், வாதாட முடியாது: சட்ட மாணவர்களின் இலவச உதவி மையங்கள் சந்திக்கும் சிக்கல்

திருவனந்தபுரம்: வாடகை வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. வேலை பார்த்த கடையில் சம்பளம் பாக்கி. கணவர் வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டார். இத்தகைய குறைகளோடு இருப்பவர்களில் பலர், எவ்வளவு செலவாகுமோ என்ற அச்சத்திலேயே வழக்கறிஞரிடம் செல்வதில்லை. அவர்களுக்காகத்தான் சட்டக் கல்லூரிகளில் மாணவர்களே நடத்தும் இலவச சட்ட உதவி மையங்கள் ஏற்பட்டன. ஆனால், அந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் மாணவருக்குச் சட்டம் அளித்துள்ள அதிகாரம் மிகக் குறைவு.

இந்த மையங்கள் கல்லூரிகளின் விருப்பத்தைப் பொறுத்தவை அல்ல. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, ஒவ்வொரு சட்டக் கல்வி நிறுவனமும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் சட்ட உதவி மையம் அமைக்க வேண்டும்; இறுதியாண்டு மாணவர்கள் அதை நிர்வகிக்க வேண்டும். பார்ட்டன் ஹில்லில் உள்ள அரசு சட்டக் கல்லூரிக்கும், பேரூர்க்கடையில் உள்ள கேரள சட்ட அகாடமிக்கும் இதே விதிதான். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2011இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளும் சட்டக் கல்லூரி மையங்களுக்குத் தனி இடம் அளித்துள்ளன.

இந்தச் சிந்தனையில் கேரளத்தின் பங்கு பெரிது. 1957இல் அமைந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில் இடம்பெற்று, பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியான வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு 1973இல் அளித்த அறிக்கை, நாட்டின் சட்ட உதவித் திட்டங்களுக்கு அடித்தளமானது. திருவனந்தபுரத்தில் பிறந்து, 2019 மே 8 அன்று அதே நகரில் மறைந்த என்.ஆர். மாதவ மேனன், பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியை உருவாக்கியவர். மருத்துவ மாணவர் நோயாளியிடமிருந்து கற்பதுபோல, சட்ட மாணவர் உதவி நாடி வருபவரிடமிருந்து கற்க வேண்டும் என்ற முறைக்கு இந்தியாவில் வடிவம் கொடுத்தவர்களில் அவர் முதன்மையானவர்.

அந்த ஒப்பீடு ஓரிடத்தில் பொருந்தாமல் போகிறது. பயிற்சி மருத்துவர் மேற்பார்வையின் கீழ் சிகிச்சை அளிக்கிறார். சட்ட மாணவரோ நீதிமன்றத்தில் வாய் திறக்க முடியாது. வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன் 33ஆவது பிரிவு, பதிவு செய்த வழக்கறிஞர்களுக்கு மட்டுமே தொழில் நடத்தும் உரிமையை அளிக்கிறது. குறிப்பிட்ட ஒரு வழக்கில் மற்றவர்களையும் நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது 32ஆவது பிரிவு. ஆனால் அது அந்தந்த நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

மேற்பார்வையிடும் ஆசிரியரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. முழுநேர ஊதியப் பணியில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆக, வாதாட முடியாத மாணவரை, வாதாட முடியாத ஆசிரியர் வழிநடத்துகிறார். விதிகளை வகுத்தவர்கள் இந்த முரண்பாட்டைக் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. அமெரிக்காவில், மேற்பார்வையுடன் மாணவர்கள் நீதிமன்றத்தில் முன்னிலையாக வகைசெய்யும் மாதிரி விதியை அந்நாட்டு வழக்கறிஞர் சங்கம் 1969லேயே வெளியிட்டது. இந்தியாவில் அதற்கு இணையான பொது விதி இல்லை.

இன்னொரு சிக்கல் கல்லூரி நாட்காட்டி. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் கிடைத்த பிறகு முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாட்களே அவகாசம். தேர்வும் விடுமுறையும் சேர்ந்தால் அந்த அவகாசம் கடந்துவிடும். மனுவை எழுதித் தந்த மாணவர் அதற்குள் படிப்பை முடித்துச் சென்றிருக்கவும் கூடும். பாதிக்கப்படுபவர் மாணவர் அல்ல, மனுதாரர். கோப்பை அடுத்த அணியிடம் முறையாக ஒப்படைக்கும் பழக்கம் இல்லாத மையம், உதவியை விடத் தீங்கையே அதிகம் செய்துவிடலாம்.

இருந்தும், மாணவர்களால் மட்டுமே எளிதில் செய்யக்கூடிய பணிகள் உண்டு. நேரம் ஒதுக்கிக் கேட்பது, ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்குவது, எந்த அலுவலகத்துக்கு எந்த மனு என்று பிரித்துச் சொல்வது ஆகியவை அவற்றுள் சில. திருவனந்தபுரத்தில் மொழியும் இதில் சேர்கிறது. சாலைச் சந்தைப் பகுதியில் தமிழ் பேசும் வணிகர்களும் தொழிலாளர்களும் நெடுங்காலமாக வாழ்கின்றனர். 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரியும் இந்நகரைத் தலைநகராகக் கொண்ட ஆட்சியின் கீழ்தான் இருந்தது. தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசுடன் தங்கள் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் மலையாளத்தில் வந்த அறிவிப்பைப் படித்துப் பொருள் சொல்ல ஆள் வேண்டும். தமிழ் தெரிந்த ஒரு மாணவர் அங்கே இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

வழக்கு நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டிய கட்டத்தில், மையம் செய்யக்கூடியது வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வழிகாட்டுவதுதான். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமான வரம்பு இன்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். கணவரால் வெளியேற்றப்பட்ட பெண், தன் சம்பளச் சான்றிதழைக் காட்ட வேண்டியதில்லை. தேசிய உதவி எண் 15100.