சுவருக்குக் கண்ணும் முளைத்தது!

சுவருக்கும் காது உண்டு என்பது பழமொழி. பாட்டிமார் அதை எச்சரிக்கையாகச் சொன்னார்கள். இன்று அது உண்மையாகிவிட்டது. காது மட்டுமா? கண்ணும் முளைத்திருக்கிறது!

ஆண்டிபட்டி போன்ற சிறிய ஊர்களிலும் இன்று வீட்டில் காமிரா மாட்டுகிறார்கள். 2 ஆயிரம், 3 ஆயிரம் ரூபாய்க்கே அது கிடைக்கிறது. திருடனுக்குப் பயந்து வாங்கும் சாமான். நல்லதுதான். ஆனால் கொடுமை செய்பவன் வெளியே இல்லாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தால்? அந்தக் கண் யாரைப் பார்க்கும்?

சக்கம்பட்டியில் தறி நெய்து பிழைக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். அடி தாங்காமல் கணவனைப் பிரிந்தாள். பெரியவர்கள் பேசி, அவன் வீட்டை விட்டுப் போனான். சாவியையும் கொடுத்துவிட்டான். ஆனால் காமிராவின் இரகசியச் சொல் அவன் செல்போனில் அல்லவா இருக்கிறது!

அவன் திருப்பூரில் இருந்தாலும் சரி, துபாயில் இருந்தாலும் சரி. யார் வந்தார், யார் போனார், அவள் எப்போது விளக்கை அணைத்தாள், எல்லாம் அவனுக்குத் தெரியும். காமிராவில் உள்ள ஒலிபெருக்கி வழியே நள்ளிரவில் அதட்டவும் செய்யலாம். உடம்பில் காயம் இல்லை. ஆனால் உறக்கமும் இல்லை!

சீமையிலும் இங்கும்

இப்படியும் நடக்குமா என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. இங்கிலாந்தில், வீட்டு விளக்குகளை இயக்கச் சுவரில் பொருத்திய கருவி வழியாக, பிரிந்த மனைவியின் பேச்சை ஒருவர் ஒட்டுக் கேட்டார். 2018-ல் அவருக்கு 11 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

நம் பக்கத்திலும் வேவு பார்த்த வழக்கு உண்டு. மனைவி யார் யாருடன் பேசினார் என்ற செல்போன் விவரத்தை இரகசியமாக எடுத்து, விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்தார் ஒரு கணவர். அதை ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் மதுரை ஐகோர்ட்டு கூறிவிட்டது. கணவனே ஆனாலும் மனைவியின் அந்தரங்கத்தில் நுழையக்கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு வேறொரு வழக்கில், தம்பதியரின் பேச்சை இரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. அது சாட்சியம் பற்றிய பேச்சு. பிரிந்து போன பின்னும் ஒருத்தியை இராப்பகலாக வேவு பார்க்க அது அனுமதிச் சீட்டு ஆகாது.

“மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பழமொழி வழியில் போகிறவனுக்கு. தன் வீட்டில் படுத்து உறங்குகிறவளுக்கு அல்ல!

சட்டம் என்ன சொல்கிறது?

2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, தொலைபேசியிலோ மின்னணுக் கருவியிலோ தொடர்பு கொள்ளக்கூடாது என்று மாஜிஸ்திரேட்டு உத்தரவிடலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்குத் தேவையான வேறு நிபந்தனைகளையும் அவர் விதிக்கலாம்.

அந்த அதிகாரத்தை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். வீட்டுச் சாவியை ஒப்படைக்கச் சொல்லும்போதே, காமிரா, பூட்டு, இன்டர்நெட் ஆகியவற்றின் இரகசியச் சொற்களையும் ஒப்படைக்க உத்தரவிட வேண்டும். ஏனென்றால் சில காமிராக்களில் பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து விடுவித்தால்தான் புதியவர் சேர முடியும். ஒயரைப் பிடுங்கினால் கண் மூடும். ஆனால் அதன் உரிமை மாறாது.

1992-ல் ஜெயலலிதா ஆட்சியில் சென்னை ஆயிரம்விளக்கில் தமிழகத்தின் முதல் மகளிர் போலீஸ் நிலையம் தொடங்கியது. பின்னாளில் அவர் ஆண்டிபட்டியின் சட்டசபை உறுப்பினராகவும் இருந்தார். அடிபட்ட காயத்தைப் பார்த்து வழக்கு எழுதப் பழகிய அந்த நிலையங்கள், இந்தக் காயமில்லாத கொடுமையையும் எழுதிக்கொள்ளப் பழக வேண்டும்.

பெண்கள் கவனிக்க

அவசரப்பட்டுக் காமிராவைக் கழற்ற வேண்டாம். கழற்றியது அவனுக்கு உடனே தெரிந்துவிடலாம், ஆத்திரமும் மூளலாம். முதலில் வந்த மிரட்டலைத் தேதியோடு குறித்து வையுங்கள். அவன் கை படாத செல்போனிலிருந்து 181-க்குப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேறு கருவி இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பாதுகாப்பான ஏற்பாடு ஆன பிறகு இரகசியச் சொற்களை மாற்றுங்கள்.

வீட்டுக்குக் காவல் வேண்டும். ஆனால் அந்தக் காவலின் சாவி, அந்த வீட்டில் வாழ்கிறவள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது காவல் அல்ல, சிறை!