டூல்கிட்டுக்கு முன்னாடி உரிமத்தைப் பாருங்க

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கிறாங்க? மலையக அம்மாமாரின் தீராத கேள்வி இது. அந்தக் கணக்கை வீட்டிலேயே சரிபார்க்க, தெமோதரையிலிருந்து பைத்தானில் ஒரு சின்ன மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறோம். பொத்தான், பெட்டி, அட்டவணை எல்லாம் திரையில் வரணும். அதுக்கு கியூடி என்று முடிவாச்சு.

கியூடியை பைத்தானில் பயன்படுத்த இரண்டு வழி. பைசைட் எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கும். நம்ம மூலநிரலை மூடி வைக்கலாம். பைகியூடி ஜிபிஎல், மென்பொருளை வாங்குறவருக்கு மூலநிரலும் கிடைக்கணும். மறைக்கணும்னா காசு கட்டி வணிக உரிமம் எடுக்கணும். (ஜிபிஎல் என்றால் விற்கக்கூடாது என்பது கட்டுக்கதை. தாராளமா விற்கலாம்.)

உரிமச் சண்டை சின்ன விஷயமில்ல. 1996இல் கேடிஇ தொடங்கினப்போ கியூடி சுதந்திர மென்பொருளா இல்ல. அதனால்தான் 1997இல் ஜிடிகேயை வைத்து ஜிநோம் கிளம்பியது.

நாங்க பைகியூடி பக்கம். நாளைக்கு யாராவது கழிவுக் கணக்கை மாற்றி இதை லயத்தில் பரப்பினாலும், மாற்றிய வரியைக் கேட்டு வாங்கிப் படிக்க நமக்கு உரிமை இருக்கும். பைசைட்டில் எழுதியும் ஜிபிஎல்லில் வெளியிடலாமே என்பீங்க. வெளியிடலாம்தான். ஆனா இலவசமா மூட வழியே இல்லன்னு முதல் நாளே தெரிஞ்சா, குழுவில் அந்தப் பேச்சே எழாது.