கண்டறிந்தால் மட்டும் போதுமா?

பள்ளி செல்லும் பிள்ளைக்குத் தொண்டை வலி வந்தால், உப்புக் கலந்த வெந்நீரில் கொப்பளிக்கச் செய்துவிட்டு நாம் அன்றாட வேலைகளில் மூழ்கிவிடுகிறோம். பெரும்பாலும் அதுவே போதுமானதாகவும் இருக்கிறது. ஆனால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சியைக் கவனியாது விட்டால், சில பிள்ளைகளுக்கு அது ருமாட்டிக் காய்ச்சலுக்கு வழிவகுக்கிறது. அக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும்போது இதய வால்வுகள் பழுதடைகின்றன. 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளே இதற்கு அதிகம் ஆளாகின்றனர். அவர்களுள்ளும் இடநெருக்கடி மிகுந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளே மிகுதி.

தொடக்க நிலையில் இந்நோய் எந்த அறிகுறியும் காட்டாது. ஸ்டெதாஸ்கோப்புக்கும் பெரும்பாலும் அகப்படாது. கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், எக்கோ பரிசோதனை ஏறத்தாழ 10 மடங்கு கூடுதலான பாதிப்புகளைக் கண்டறிந்தது. ஆனால், இதய மருத்துவர்களோ நகரங்களில் இருக்கிறார்கள். ஊர்ப்புறப் பள்ளிக்கு யார் செல்வது?

செவிலியர் செல்லலாம் என்பதே நம் கருத்து. ஃபிஜியிலும் உகாண்டாவிலும் செவிலியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்து, கையடக்க எக்கோ கருவியால் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்துள்ளனர். வால்வு வழியே இரத்தம் பின்னோக்கிக் கசிகிறதா என்பதை அவர்கள் கவனிக்கிறார்கள்; ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். நோயை உறுதிசெய்வது மருத்துவரின் பொறுப்பாகவே இருக்கிறது.

வங்கித் துறையினருக்கு இது புதிதன்று. முகவர்கள் வழியாகச் சேவை அளிக்க 2006-இல் ரிசர்வ் வங்கி அனுமதித்தபோது, கிளை இல்லாத ஊர்களுக்கும் வங்கி சென்று சேர வழி பிறந்தது. வங்கி மித்ரா பணம் பெறுகிறார், பணம் தருகிறார்; கடனுக்கு ஒப்புதல் அளிப்பது கிளையே. வரம்பு தெளிவாக இருப்பதாலும், பின்னால் ஒரு கிளை நிற்பதாலுமே அம்முறை நிலைக்கிறது.

கண்டறிந்த பின் செய்யவேண்டியதே பெரும்பணி. உகாண்டாவில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், தொடக்க நிலைப் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடப்பட்டது. ஊசி பெறாதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கு இரண்டே ஆண்டுகளில் நோய் முற்றியது. பெற்றவர்களில் அது 0.8 விழுக்காடு மட்டுமே. தவணை தவறிய கடன் கணக்கு மறுநாளே நம் கணினித் திரையில் தெரிந்துவிடுகிறது. ஊசி தவறிய பிள்ளையின் பெயரும் அவ்வாறே யாருடைய பார்வைக்காவது வரவேண்டும்.

நம் நாட்டில் 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே., இதய நோய்களையும் தன் பட்டியலில் கொண்டுள்ளது. அதன் குழுக்கள் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் செல்கின்றன. அக்குழுக்களின் செவிலியர்களுக்கு எக்கோ பயிற்சி அளிப்பதே அடுத்த படி. கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அல்ட்ராசவுண்ட் கருவிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. பெண் சிசுக்களைக் காக்கும் அச்சட்டத்தின் நோக்கம் சிறிதும் தளராமல், இதயப் பரிசோதனைக்கு மட்டும் பயன்படும் கருவிகளுக்கு அரசு வழிகாண வேண்டும்.

வாசகர்களாகிய நம் பங்கும் உண்டு. பரிசோதனைக் குழு வரும் நாளில் பிள்ளையைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்புவோம். மருத்துவர் ஊசி எழுதிக்கொடுத்தால், பிள்ளை நலமாகத் தோன்றுகிறான் என்று நாமாக நிறுத்தாதிருப்போம்.